வெள்ளைக்கல்லில் தொடங்கிய பாடம்

சேர்வராயன் மலையடிவாரத்தில், கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம், கரும்பச்சை டியூனைட் பாறைக்குள் வெள்ளை வரிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சேலத்தில் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட் அதுதான். பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்து, ஒலிவினிலிருந்த மக்னீசியத்தைக் கார்பனேட்டாக மாற்றிவிட்டது. மேலே ஏற்காட்டில் மழை வேறு வேலை செய்திருக்கிறது: மற்றதையெல்லாம் கரைத்துக் கொண்டுபோய், பாக்சைட்டை மிச்சம் வைத்திருக்கிறது.

விண்கல் படிக்க ஆசைப்பட்ட என்னை, பாடம் சொல்லித்தந்த சார் முதலில் இந்த வரிகளுக்கு முன்னால்தான் நிறுத்தினார். "எது எதை வெட்டுதுன்னு பாரு கண்ணு. வெட்டுப்பட்டது முந்தினது, வெட்டினது பிந்தினது." நோட்டில் வரிகளை வரைந்து, வயது வரிசை எழுதிய பிறகுதான் அமிலப் புட்டி கைக்கு வந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே பொங்கும். மேக்னசைட் சும்மா இருக்கும், சூடு காட்டினால்தான் நுரைக்கும்.

பிறகு தின் செக்ஷன். கண்ணாடியில் ஒட்டிய கல்லைக் கார்போரண்டம் பொடியில் 0.03 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பின் தட்டைச் சுழற்றினால் கார்பனேட்டின் விளிம்பு தடித்தும் மங்கியும் மினுக்கும். அந்த மினுக்கம் கண்ணுக்குப் பழகிவிட்டால் வேறு கனிமத்தோடு குழப்பம் வராது.

ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் 2017 ஜூன் 6 அன்று விழுந்த கல்லைப் போன்ற, கார்பன் கலந்த சிஎம் வகை விண்கற்களிலும் அதே வரிசைக் கேள்விதான். செர்பென்டைன் உறை கட்டிய கால்சைட் மணி முந்தியது. சல்பைடு துணுக்குகளை உள்ளே வைத்திருப்பது பிந்தியது. 1864இல் பிரான்சில் விழுந்த ஒர்கெயில் விண்கல்லில் இரும்பு கலந்த மேக்னசைட்டே இருக்கிறது. நம் வெள்ளைக்கல்லுக்கு நெருங்கிய உறவு. 37 லட்சம் ஆண்டு அரை ஆயுள் கொண்ட மாங்கனீஸ்-53 இந்தக் கார்பனேட்டுகளுக்குள் குரோமியமாகச் சிதைந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி, சூரியக் குடும்பம் பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே இந்த விண்கற்களின் தாய்ச் சிறுகோள்களில் நீர் இருந்திருக்கிறது! எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் செய்தி இது.

ஆனால் விண்கல்லைத் தேய்க்கும்போது தண்ணீர் கூடாது, ஆல்கஹால்தான். பூமியின் ஈரம் பட்டாலே கல் மாறிவிடக்கூடும். ஒர்கெயிலின் வெள்ளை சல்பேட் வரிகளில் பல, அருங்காட்சியகக் காற்றின் ஈரத்தில் பிற்பாடு உண்டானவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். விண்வெளி நீரையும் பூமி ஈரத்தையும் பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலில் கடினமான பகுதி.

விண்கல்லில் மட்டுமல்ல, பென்னு சிறுகோளின் பாறைகளிலும் ஒரு மீட்டர் நீளம்வரை ஓடும் கார்பனேட் வரிகள் 2020இல் அறிவிக்கப்பட்டன. சில சென்டிமீட்டர் தடிமன். அவ்வளவு தடிக்க, துளைகளில் கசிந்த ஈரம் போதாது. விரிசல் வழியே நீர் ஓடியிருக்க வேண்டும்.