வலியறிந்தவர் காலமறிந்தாரா?

1978ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாம் கல்லூரி விடுதி மாணவராக இருந்தோம். அத்திங்கள் 15ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஏழே போட்டிகள் கண்டிருந்த லியான் ஸ்பிங்க்ஸ் என்னும் 24 வயது இளைஞர், 36 வயதான முகம்மது அலியை 15 சுற்றுகளில் வென்று, ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்தைக் கைக்கொண்டார். செய்தித்தாள் வந்த காலையில் எம் விடுதியின் உணவுக்கூடம் இரு கட்சியாகப் பிரிந்தது. "அலியின் காலம் முடிந்தது" என்றது ஒரு கட்சி. "முடியவில்லை, முடியவும் முடியாது" என்றது மற்றொன்று. நாம் இரண்டாம் கட்சியின் உரத்த குரல்.

அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் அதே ஸ்பிங்க்ஸை வென்று, அப்பட்டத்தை மும்முறை வென்ற முதல் வீரரானார் அலி. அன்று நாம் கொண்ட இறுமாப்பைச் சொல்லி முடியாது. வாதத்தில் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். நாம் தோற்றிருந்தோம் என்பது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதனையே இம்மலரில் எழுத விழைகின்றோம்.

முகத்தில் அடிப்பதை நபிமொழி தடுக்கின்றது. எனவே குத்துச்சண்டையை ஏற்காத பெரியோர் நம்மிடையே உளர். அவர்களோடு ஈண்டு நாம் வாதிடப் போவதில்லை. ஒரு மனிதர் தம் ஆற்றலின் எல்லையை எவ்வாறு அறிவது என்னும் வினா குத்துச்சண்டை மேடைக்கு மட்டும் உரியதன்று. அலியின் வாழ்வு அதனைத் தெளிவாகக் காட்டுகின்றது என்பதாலேயே அவரை எடுத்துக்கொண்டோம்.

1942ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் கேஷியஸ் கிளே என்னும் பெயரோடு பிறந்தவர் அவர். 12 வயதில் தம் மிதிவண்டி களவு போனதை முறையிடச் சென்ற இடத்தில், ஒரு காவலரிடம் குத்துச்சண்டை கற்கத் தொடங்கினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம்; 1964 பிப்ரவரி 25இல் சோனி லிஸ்டனை வென்று 22 வயதில் உலகப் பட்டம்; அதனை அடுத்து முகம்மது அலி என்னும் பெயர்.

அவருடைய கலையின் அடித்தளம் கால்கள். கைகளை உயர்த்தி முகத்தைக் காப்பதே குத்துச்சண்டையின் பாலபாடம். அலியோ கைகளைத் தாழ விட்டு, வரும் குத்தை விரலளவு இடைவெளியில் பின்சாய்ந்து தவிர்ப்பார். பிறர் செய்தால் பெரும்பிழையாகும் அச்செயல், கண்ணின் விரைவும் காலின் விரைவும் துணைநின்றமையால் அவருக்கு அழகாயிற்று. அதனுள் ஓர் ஆபத்தும் இருந்தது. விரைவே அரணாக உடையவருக்கு, விரைவு குறைந்தால் வேறு அரண் இல்லை.

அந்த விரைவு உச்சத்தில் இருந்த ஆண்டுகள் களத்தில் கழியவில்லை. வியட்நாம் போருக்காகப் படையில் சேர 1967 ஏப்ரல் 28இல் அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, உரிமம் மறுக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இருந்தமையால் சிறை புகவில்லை. 1971 ஜூன் 28இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 25 வயது முதல் 28 வயது வரை ஒரு போட்டியும் இல்லை. தம் பொற்காலத்தைக் கொள்கைக்கு விலையாகக் கொடுத்த வீரர்கள் உலகில் மிகச் சிலரே.

1970 அக்டோபரில் மீண்டபோது பழைய கால்கள் மீளவில்லை. 15 சுற்றுகளும் ஆடி அலைந்து தப்பும் உடல் போய்விட்டது. 1971 மார்ச் 8இல் ஜோ ஃப்ரேசியர் அவரைக் கடைசிச் சுற்றில் வீழ்த்தி, முதல் தோல்வியைத் தந்தார். அலியின் காலம் முடிந்தது என்று அன்றே எழுதினார்கள்.

அதற்கு அவர் தந்த விடை 1974 அக்டோபர் 30இல் ஜயர் நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் கிடைத்தது. எதிரே நின்றவர் 25 வயதான ஜார்ஜ் ஃபோர்மன். அலியை வென்றிருந்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றுகளில் சாய்த்தவர். அலிக்கு 32 வயது. ஓடித் தப்ப இயலாது என்பதை உணர்ந்த அவர், கயிற்றில் சாய்ந்து கைகளால் முகம் மறைத்து, அடிக்க விட்டார். ஃபோர்மன் அடித்து அடித்துக் களைத்தார். எட்டாம் சுற்றில் சில குத்துகள், மலை சரிந்தது. தன் வலியையும் மாற்றான் வலியையும் இவ்வளவு நுட்பமாகச் சீர்தூக்கியவர் அரியர்.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்னும் அதிகாரத்தை வைத்து, அதனை அடுத்தே காலமறிதலையும் வைத்தார். இரண்டும் வேறு வேறு அறிவு என்பது அவ்வமைப்பின் குறிப்பு போலும். கின்ஷாசாவில் அலி முன்னதில் தேர்ந்தார். அவ்வெற்றியே பின்னதை அவர் கண்ணுக்கு மறைத்தது. அடியைத் தவிர்த்து வென்றவர், அடியை வாங்கி வெல்லக் கற்றுக்கொண்டார். 1975 அக்டோபர் 1இல் மணிலாவில் ஃப்ரேசியரை மீண்டும் சந்தித்தபோது, 14 சுற்றுகள் இருவரும் ஒருவரையொருவர் சிதைத்தார்கள். ஃப்ரேசியரின் பயிற்சியாளர் தம் வீரரின் கண் வீக்கத்தைக் கண்டு போட்டியை நிறுத்தினார். அலி வென்றார். ஏட்டில் வெற்றி ஏறியது. உடலில் கடன் ஏறியது.

அக்கடனைக் கணக்கிட்டவர் ஒருவர் இருந்தார். நெடுங்காலம் அலியுடன் இருந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த போட்டிக்குப் பின், சிறுநீரகம் கெட்டு வருவதைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை அலிக்கும் அவரைச் சூழ்ந்தோர்க்கும் அனுப்பினார். மறுமொழி வரவில்லை. அவர் விலகிக்கொண்டார். புகழ்ந்தவர்கள் உடன் இருந்தார்கள். உண்மை சொன்னவர் வெளியேறினார்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். ஓய்வு அறிவித்துவிட்ட நிலையில் அவர் மேற்கொண்ட பயணம் அது. நேரு விளையாட்டரங்கில், தம் ஊர்த் தோழரும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். கூட்டத்தோடு கூட்டமாய் நாமும் இருந்தோம். தொலைவிலிருந்து கண்ட அவ்வுருவம் பருத்திருந்தது. அசைவில் விளையாட்டு இருந்தது, விரைவு இல்லை. அதை நாம் காணாமல் இல்லை, கண்டதை ஏற்கவில்லை. மீண்டும் போட்டியிடுமாறு தொண்டை கிழியக் கத்தினோம். நம் தமிழ் அவருக்கு விளங்கியிராது. ஆனால் உலகெங்கும் பல மொழிகளில் அக்கூக்குரலே அவர் செவியில் விழுந்துகொண்டிருந்தது.

மீண்டும் போட்டிக்கு ஒப்பினார். அதற்குமுன் மேயோ மருத்துவ நிலையத்தில் நடந்த பரிசோதனையில், ஒற்றைக் காலில் குதிப்பதிலும் சொற்களை ஒழுங்குபடுத்துவதிலும் சிறு குறைகள் காணப்பட்டன. உலகமே வியந்த காலும் நாவும்! எனினும் உரிமம் கிடைத்தது. அக்டோபர் 2இல் லாஸ் வேகாஸில், ஒருகாலத்தில் தம் பயிற்சித் துணைவராயிருந்த லாரி ஹோம்ஸை எதிர்த்தார். பத்துச் சுற்றுகள் நடந்தன. மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஒரு சுற்றேனும் அலிக்கு இல்லை. பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் அழுதார். அதன் பின்னும், 1981 டிசம்பர் 11இல் பகாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்குடன் ஆடித் தோற்ற பிறகே, அலி கையுறையைக் கழற்றி வைத்தார். 61 போட்டிகள், 56 வெற்றிகள், ஐந்து தோல்விகள். கடைசி நான்கு போட்டிகளில் மூன்று தோல்விகள்.

அகவையே அளவுகோல் என்று கொள்வதும் பிழை. கின்ஷாசாவில் வீழ்ந்த அதே ஃபோர்மன், பத்தாண்டுகள் களம் விட்டு விலகியிருந்து மீண்டு, 1994 நவம்பர் 5இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மறுபடி சாம்பியனானார். அவர் கலை வன்மையில் நின்றது; வன்மை மெல்லக் குறைவது. அலியின் கலை விரைவில் நின்றது; விரைவு முந்திப் போவது. நம் ஆற்றல் எதன்மேல் நிற்கின்றதோ அது நிற்கின்றதா என்று பார்ப்பதே காலமறிதல். பிறந்த ஆண்டைப் பார்ப்பது எளிது. இதைப் பார்ப்பது அரிது.

1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது அறியப்பட்டது. வாங்கிய அடிகளே அதற்குக் காரணம் என்று அறுதியிட்டுரைப்பது மருத்துவர்க்கும் எளிதன்று. தலையில் விழும் அடி நன்மை செய்யாது என்பதற்கு மருத்துவர் வேண்டியதில்லை. அந்நோயோடுதான் அவர் 1990இல் பாக்தாத் சென்று, பிணைக் கைதிகளாயிருந்த அமெரிக்கர் 15 பேரை மீட்டு வந்தார். 1996 ஜூலை 19இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் ஒலிம்பிக் சுடர் ஏற்றினார். அக்காட்சியை உலகம் கண்ணீரோடு வாழ்த்தியது. நாமும் அழுதோம், நம் கண்ணீரில் வாழ்த்து மட்டும் இருக்கவில்லை. நேரு விளையாட்டரங்கில் எழுந்த நம் குரலும் நினைவில் இருந்தது. 2016 ஜூன் 3இல், 74ஆம் வயதில் அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவருக்கு அருள்வானாக!

இறுதியாக ஒன்று. பணி ஓய்வுக்குப் பின்னும் சிறப்பு வகுப்புகள் எடுக்க நாம் அழைக்கப்பட்டு வந்தோம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கடைசி வரிசை மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "ஐயா, பிழையாக எண்ண வேண்டாம். சில நாள்களாகத் தங்கள் குரல் எங்கள் வரிசைக்கு எட்டவில்லை. முன்வரிசையினர் தலையசைப்பதால் நாங்களும் அசைக்கின்றோம்" என்றார். சினம் முதலில் வந்தது. அதன்பின் பச்சேகோவின் நினைவு வந்தது. அம்மாணவரின் தோளைத் தட்டிக்கொடுத்தோம். அந்தப் பருவத்தோடு அவ்வகுப்பை இளைய ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். இப்போது நூலகத்தில், எதிரே அமர்ந்து கேட்கும் இருவர் மூவர்க்கு யாப்பு சொல்லித் தருகின்றோம். அத்தொலைவுக்கு நம் குரல் எட்டுகின்றது.

ஆற்றல் இறைவன் தந்த அமானிதம்; திருப்பித் தரும் நாளும் அதனுள் அடங்கும். பெரியோரே, உங்கள் அவையில் தலையசைப்பவரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் நேசிப்பவரிடம் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து மெல்லச் சொல்லுங்கள். கைதட்டல் எவருக்கும் வரும். அந்தச் சொல்லைச் சொல்ல அன்பு வேண்டும்.