எங்கட கனவு கிற்றார் மாஸ்டர்

கிற்றார் பழக ஒரு மாஸ்டரை நாங்களே தெரிவுசெய்யலாம் எண்டால் ஆரைப் பிடிக்கிறது? எங்களுக்குள்ள இது பெரிய சண்டை. ஒருத்தருக்கு ஜிமி ஹென்ட்ரிக்ஸ், இன்னொருத்தருக்கு பி.பி. கிங். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஆள், பிளக் சபத் இசைக்குழுவின் டொனி ஐயோமி.

பேர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலைசெய்தபோது, 17 வயதில், அவருடைய வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரம் பறித்தது. ஐயோமி இடக்கைக்காரர், தந்திகளை அழுத்துகிற கையே அதுதான். இனி ஏலாது என்றிருந்தவருக்குத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். 1928இல் தீயில் இடக்கை கருகிய பிறகு, தன் தனிவாசிப்புகளைப் பெரும்பாலும் இரண்டே விரலால் வாசித்தவர் ஜாங்கோ. அதைக் கேட்ட ஐயோமி, பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு தந்திகளைத் தளர்த்தியும் வாசித்தார். ஹெவி மெட்டலின் அந்தப் பாரமான சத்தத்தில் இதுக்கும் பங்கிருக்கு.

எங்களில் ஒருத்திக்கு மோதிரவிரல் மடங்காது. "இந்தக் கைக்குச் சரிவராது பிள்ளை, பாட்டுப் பழகுங்கோ" என்று முதல் வகுப்பிலேயே அனுப்பிவிட்டார்கள். ஐயோமியாக இருந்தால் அவளின்ர விரலைப் பார்த்துவிட்டு, எந்தத் தந்தி போடலாம் என்றுதான் முதலில் யோசித்திருப்பார் என்று நம்புறம்.

உங்கட மாஸ்டர் ஆர்?