அம்மாவின் ஈபிஎஃப் காசும் ஒரு பழைய மாருதியும்

எங்க ஊருக்கு வர்ற ரயில் ஒரு வேடிக்கை காட்டும். எல்ல பக்கமிருந்து வந்து தெமோதரை ஸ்டேஷன்ல நிக்கும். பிறகு மலையை ஒரு சுத்து சுத்தி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ள பூந்து பதுளைக்குப் போகும். 44 அடிக்கு ஓர் அடி, அதுக்கு மேல ஏத்தமோ இறக்கமோ கூடாதுன்னு வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. ஒரு கங்காணி தலைப்பாகையைக் கழட்டித் திரும்பக் கட்டினதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததுன்னு ஒரு கதையும் இருக்கு. உண்மையோ பொய்யோ, 1924ல பதுளை வரைக்கும் ரயில் வந்துட்டது.

ரயிலுக்குச் சுத்தி வர நேரம் இருக்கு. நோயாளிக்கு இல்லை.

2024 ஒக்டோபர்ல ஒரு மழை இரவு அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமப் போச்சு. எங்க டிவிசன்ல இருந்து மெயின் ரோட்டுக்குக் கல்லு ரோட்டுல ரெண்டு மைல். கூப்பிட்ட ரெண்டு ஓட்டோவும் மழைக்குள்ள மேல ஏற ஏலாதுன்னுட்டாங்க. கடைசியில கொழுந்து லொறியில படங்கு விரிச்சு, குடை பிடிச்சு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூணு மணித்தியாலம் போயிருந்தது. அப்பா பிழைச்சார். இடது கை இன்னும் முழுசா வரல்லை. அந்த மூணு மணித்தியாலத்தை ஒன்றரை ஆக்கியிருந்தா அந்தக் கை வந்திருக்குமோன்னு யாரும் வாய்விட்டுக் கேட்கல்லை. ஆனா எல்லாரும் அதைத்தான் நினைச்சோம்.

அம்மாதான் முதல்ல சொன்னாங்க. "என் ஈபிஎஃப் காசு வந்திருக்குல்ல. ஒரு காரைப் பாருங்க."

அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. சம்பளத்துல 8 சதவீதம் அவங்க பங்கு, 12 சதவீதம் கம்பெனி பங்கு. அதுதான் ஈபிஎஃப். கையில கிடைச்சது 15 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாங்க மூணு பிள்ளைகள்: அக்கா முன்பள்ளி டீச்சர், நடுவுல உள்ளவர் பண்டாரவளையில கடையில, சின்னவன் கொழும்புல டெலிவரி வான் ஓட்டுறான். மூணு பேரும் அம்மாவோட சண்டை பிடிச்சோம். பேங்க்ல போட்டா ஏழு சதவீதம்னு வச்சாலும் மாசம் எட்டாயிரம் வட்டி வரும்னோம். அம்மா மறுபடி அந்த இரவைப் பத்தி ஒண்ணும் சொல்லல்லை. "பாருங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

பார்க்க ஆரம்பிச்சோம். 2025 ஜனவரி. 2020 மார்ச்சுல நிறுத்தின வாகன இறக்குமதி பெப்ரவரி முதலாம் திகதி திறக்கப் போகுது, பழைய கார் விலை விழும்னு எல்லாரும் சொன்னாங்க. விழல்லை. 2022ல டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறினது யாருக்கும் மறக்கல்லை. அதுக்கு மேல புதுசா இறக்குற காருக்கு வரிக்கு மேல வரி. அதனால பத்து வருஷம் ஓடின காரை, வாங்கின விலையைவிடக் கூட சொல்லி விக்கிறாங்க. வேகன் ஆர் ஹைபிரிட் எங்க கனவு. விலையைக் கேட்டதும் கனவு கலைஞ்சிடுச்சு. எங்க கைக்கு எட்டினது ரெண்டு ரகம்: லீசிங் போட்டா ஓர் ஓல்ட்டோ, போடாட்டி ஒரு பழைய மாருதி 800.

விளம்பரம் பார்க்கிறவங்களுக்கு இந்த ரெண்டு சொல் பழக்கமா இருக்கும்: "ஏஜெண்ட் மெயின்டெயின்ட்". அதாவது கம்பெனி ஏஜெண்டோட பட்டறையில மட்டும் சேர்விஸ் செஞ்ச கார். இந்த ரெண்டு சொல்லுக்கு மட்டும் ரெண்டு மூணு லட்சம் கூடச் சொல்றாங்க. ஏன்னு எங்களுக்கு முதல்ல விளங்கல்லை.

விளங்க வச்சது அக்கா கெம்பஸ்ல படிச்ச ஒரு கட்டுரை. ஜோர்ஜ் அகர்லொஃப்னு ஓர் அமெரிக்கப் பொருளியலாளர் 1970ல எழுதினது. பழைய கார் சந்தையைப் பத்தித்தான். விக்கிறவனுக்குக் காரோட குறை தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லாக் காரையும் சந்தேகத்தோட பார்த்து நடுத்தர விலைதான் குடுப்பான். நல்ல கார் வச்சிருக்கிறவன் "இந்த விலைக்கா?"ன்னு விக்காம விலகிடுவான். கடைசியில சந்தையில மிஞ்சுறது பெரும்பாலும் உதவாத கார். மூணு சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின கட்டுரை அது. 2001ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. அப்போ ஏஜெண்ட் புத்தகத்துக்குக் குடுக்கிற காசு சேர்விஸுக்கு மட்டும் இல்லை, தகவலுக்கும்தான்.

முதல்ல புடிச்சது 2013 ஓல்ட்டோ ஒண்ணு. 24 லட்சத்து அம்பதாயிரம். வெள்ளை, பளபளன்னு இருந்தது. மீட்டர்ல 76,000. விக்கிறவர் நல்லா கதைச்சார், டீ வாங்கிக் குடுத்தார். லீசிங் போடவும் மனசைத் தயார்பண்ணிட்டோம். சின்னவன்தான் பிடிவாதமா நின்னான்: ஏஜெண்டுக்கிட்ட காட்டிட்டுத்தான் காசு. விக்கிறவர் கொஞ்சம் இழுத்தார், பிறகு ஒத்துக்கிட்டார்.

பட்டறையில காரைத் தூக்கிப் பார்த்து ஒரு பட்டியல் குடுத்தாங்க. கிளச் செட், முன் ஷொக் ரெண்டு, லோவர் ஆர்ம், டைமிங் பெல்ட், பிரேக் ஷூ, ஏசி கொம்ப்ரசர், இன்னும் என்னென்னவோ. மொத்தம் 1,86,000 ரூபாய். நாங்க திகைச்சு நிக்கையில, கவுன்டர்ல இருந்த தங்கச்சி கார் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு ஸ்கிரீனை எங்க பக்கம் திருப்பினா. கடைசியா அங்க சேர்விஸ் செஞ்சது 2019ல. அப்போ மீட்டர் 98,000.

ஆறு வருஷத்துல ஒரு கார் பின்பக்கமா இருபத்திரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. விக்கிறவரைப் பார்த்தோம். அவர் போனைப் பார்த்தார்.

அந்த நாள் ஒரு நாள் சம்பளமும் பரிசோதனைக் காசும் போச்சு. ஆனா அது மாதிரி பிரயோசனமாச் செலவழிச்ச காசு வேறு இல்லை.

அந்தப் பட்டியலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா கேட்டாங்க, "இது எத்தனை பேர்?" தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். 2024 செப்டம்பர்ல இருந்து அப்போ ஒரு பேர் 1,350 ரூபாயா இருந்தது. கணக்குப் பார்த்தோம்: 138 பேர். ஒரு நாளும் தவறாம மாசம் 25 நாள் மலைக்குப் போனாலும் அஞ்சரை மாசம். அதுவும் ஒரு சதம் சாப்பிடாம.

ஆர்வத்துல அதே பட்டியலை ஹாலிஎலயில இருக்கிற எங்களுக்குத் தெரிஞ்ச பாஸ்கிட்ட காட்டினோம். சிங்களவர், முப்பது வருஷமா இந்த மலைக் கார்களோட மாரடிக்கிறவர். பேனாவை வாங்கி மூணு வகையாப் பிரிச்சார். பிரேக்கும் டைமிங் பெல்ட்டும் இன்னைக்கே. ஷொக்கும் ஆர்மும் ஆறு மாசத்துக்குள்ள, அதுவும் கல்லு ரோட்டுல ஓடினா. ஏசியை ஒரே கோட்டால வெட்டினார். "தெமோதரையில ஏசி எதுக்கு மல்லி?" பஞ்சிகாவத்தையில இருந்து சாமான் எடுத்தா மொத்தம் 92,000னார். உடனே செய்யவேண்டியது 41,000. அம்மா கணக்குல முப்பது பேர்.

அப்போ ஏஜெண்ட் கொள்ளைக்காரனா? அப்படிச் சொல்ல ஏலாது. அவங்க போடுறது ஒரிஜினல் சாமான், பில் உண்டு, பிழைச்சா திரும்பப் போய் கேட்கலாம். பாஸ் போடுற சாமான் எங்கே செஞ்சதுன்னு பாஸுக்கே சிலவேளை தெரியாது. ஆனா ஏஜெண்டோட பட்டியல் கொழும்புல ஓடுற, நாலு வருஷத்துல விக்கப்போற காருக்கு எழுதினது. பாஸோட பட்டியல் எங்க ரோட்டுக்கு எழுதினது. எங்களுக்குக் கிடைச்ச படிப்பினை இது: நோய் என்னன்னு பார்க்க ஏஜெண்டுக்கிட்ட போங்க, வைத்தியத்துக்கு நம்பிக்கையான பாஸ்கிட்ட போங்க. அதுலயும் பிரேக், டைமிங் பெல்ட் மாதிரி உயிரோட விளையாடுற சாமானை மட்டும் ஒரிஜினலா, பில்லோட நீங்களே வாங்கிக் குடுங்க. பெல்ட் அறுந்தா இன்ஜினே போயிரலாம். பிரேக்கைப் பத்திச் சொல்லவே வேணாம், கும்பல்வெல சந்தியில இருந்து இறங்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணும் பாஸ்தான் சொன்னார். மலைக்கு மெனுவல் கியர்தான் நல்லது, இறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், பிரேக் சூடாகாது. பழைய ஹைபிரிட் வாங்கினா பெட்டரிக்குத் தனியாக் காசு சேர்த்து வைக்கணும், இல்லாட்டி வாங்காத.

ஏப்ரல் கடைசியில அவரே ஒரு வீட்டைக் காட்டினார். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். 2005 மாருதி 800, 14 லட்சம். இந்தியாவுல 1983ல ஆரம்பிச்சு 2014ல உற்பத்தியை நிறுத்தின கார். ஆனா சாமான் இன்னும் பதுளை டவுன்லயே கிடைக்குது. ஏஜெண்ட் புத்தகம் இல்லை. நாங்க கேட்டதும் வாத்தியார் உள்ள போய் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்தார். 2009ல இருந்து ஊத்தின ஒவ்வொரு ஒயிலும், மாத்தின ஒவ்வொரு டயரும், திகதி, மீட்டர், விலை, கடை எல்லாம் சிவப்புப் பேனாவுல கோடு போட்டு எழுதியிருந்தார். 2022 பக்கத்துல கியூ.ஆர். கோட்டாவுல அடிச்ச பெட்ரோல்கூட லீட்டர் லீட்டரா இருந்தது. ரெண்டு இடத்துல "என் பிழை" என்றும் எழுதியிருந்தார்: ஒருக்கா தண்ணி பார்க்காம ஓட்டி இன்ஜின் சூடானது, ஒருக்கா மதில்ல உரசினது. தன் பிழையையும் எழுதி வச்ச ஒருத்தரை நம்பலாம்னு தோணிச்சு. இருந்தாலும் பாஸ் காரைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் காசு குடுத்தோம்.

ஓபன் பேப்பர்ல வச்சுக்கோங்க, பெயர் மாத்துற செலவு மிச்சம்னு சிலர் சொன்னாங்க. மாட்டோம்னுட்டோம். அம்மா பேருக்குத்தான் மாத்தணும். அங்கதான் ஒரு கரைச்சல். படிவத்துல விலாசம் கேட்டாங்க. எங்க லயத்துக்கு நம்பர் இல்லை. எங்க கடிதமெல்லாம் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து கைமாறி வீட்டுக்கு வரும். 31 வருஷம் உழைச்ச மனுஷிக்குச் சொந்தமா ஒரு கார் வாங்க முடிஞ்சது, அந்தக் காரோட புத்தகம் வந்து சேர ஒரு வீட்டு நம்பர் இல்லை. தோட்டத்துப் பேரையும் டிவிசனையும் எழுதிக் குடுத்தோம். புத்தகம் வந்து சேரும்வரைக்கும் அக்கா ஒபீசுக்கு நடந்தா.

நிறுத்தவும் இடம் இல்லை. லயத்து வாசல்ல கானும் கோழிக்கூடும்தான். நிலம் கம்பெனியோடது, ஒரு தகரக் கொட்டில் போடவும் தொரைக்கிட்ட கேட்கணும். கேட்டு எழுதிக் குடுத்திருக்கோம். பதில் இன்னும் வரல்லை. இப்போ கோயிலடியில நிக்குது, மேல அப்பாவோட பழைய படங்கு.

கணக்கைச் சொல்லாம முடிச்சா அது நேர்மையில்லை. அப்பாவுக்கு மாசம் நாலு தடவை கிளினிக். ஓட்டோவுக்கு ஒரு தடவைக்கு 3,500 படி 14,000 ஆகும். இப்போ பெட்ரோலுக்கு மூவாயிரம் சொச்சம், இன்ஷூரன்ஸ், லைசன்ஸ், பாஸுக்குன்னு மாசம் எட்டாயிரம் எடுத்து வைக்கிறோம். 11,000. மூவாயிரம் மிச்சம்னு சந்தோஷப்பட்டோம். அக்கா மெதுவாச் சொன்னா, பேங்க்ல வந்திருக்கவேண்டிய எட்டாயிரம் வட்டியையும் கூட்டுங்கன்னு. கூட்டினா மாசம் அஞ்சாயிரம் நட்டம். நல்லதா ஒரு கார் வாங்கியும் கணக்குல தோத்துத்தான் இருக்கோம். கார் வாங்க நினைக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் இதையும் எழுதிப் பார்த்துட்டு வாங்குங்க.

ஜூன் மாசம் ஒரு இரவு, பக்கத்து லயத்துல ஒரு அக்காவுக்கு வலி எடுத்தது. சின்னவன் லீவுல வந்திருந்தான். கோயிலடியில இருந்து பதுளை ஆஸ்பத்திரி வாசலுக்கு 50 நிமிஷம். பெண் பிள்ளை. திரும்பி வந்ததும் அம்மா சி.ஆர். கொப்பியை எடுக்கச் சொல்லி மீட்டரை எழுத வச்சாங்க. வாத்தியாரோட சிவப்புக் கோட்டுக்குக் கீழ எங்க நீல எழுத்து இப்போ ஒன்றரைப் பக்கம் ஆகுது. அடுத்த மாசம் முன் டயர் ரெண்டும் மாத்தணும்னு பாஸ் சொல்லியிருக்கார். எத்தனை பேர்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க.