முள்ளும் சக்கரமும்

எரியோட்டைச் சூழ்ந்த ஊர்களில் துவிசக்கர வண்டி வாங்குவோர் நிறத்தையும் விலையையும் ஆராய்வர், முள்ளை எண்ணார். சீமைக் கருவேல் அடர்ந்த தடங்களில், தேர்வு நாளிற்கூட, பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த துன்பம் எமக்குண்டு. காற்றடைத்த டயருக்கு 1888-இல் உரிமை பெற்ற டன்லப் துரை வாழ்ந்த பெல்பாஸ்டில் கல்வீதிகள் உண்டு. கருவேல முள் ஏது?

ஆதலின் மலைச் சைக்கிள் தேர்ந்தபொழுது, கியர்களை எண்ணுமுன், டியூப் இன்றியே காற்றைத் தாங்கவல்ல ரிம்மும் டயரும் உளவோ என்றே யாம் வினவினோம். கடைக்காரர் நகைத்தார். ரிம்மிலுள்ள ஆரக்கால் துளைகளைக் காற்றுப்புகா நாடாவால் இறுக ஒட்டி, வால்வைப் பொருத்தி, டயரின் விளிம்பு 'டப்' என்று அமரும்வரை விரைந்து காற்றடித்தல் வேண்டும். எம் கைப்பம்பு அதற்குப் போதவில்லை. பஞ்சர்க் கடையின் கம்பிரசரே உதவிற்று. பின்னர் வால்வின் உள்முனையைக் கழற்றி, ரப்பர்ப்பால் கலந்த திரவத்தைச் சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் ஊற்றி, மீண்டும் காற்றடித்தோம். முள் தைத்தால், காற்றோடு வெளிப்படும் அத்திரவம் துளையிலேயே உறைந்து அதனை அடைக்கின்றது. நசுங்குதற்கு டியூப் இன்மையால் காற்றைச் சிறிது குறைத்தும் ஓட்டலாம்; மணலிற் சக்கரம் நன்கு பற்றுகின்றது.

நம் கோடையில் அத்திரவம் விரைந்து உலரும். இரண்டு மூன்று திங்களுக்கொருமுறை புதிதாக ஊற்றல் வேண்டும். டயரின் பக்கம் கிழியுமாயின் அதுவும் பயன்படாது. ஆதலின் உதிரி டியூப் ஒன்று எம் பையில் இன்னும் இருக்கின்றது.