பனிக்கால இரவும் ஒரு சங்கொலியும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அதனை எம்மிலும் சிறப்பாக எழுத வல்லோர் இப்பள்ளியில் உளர். ஆகவே எமக்கு நன்கு பழக்கமான அச்சத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சென்ற ஆண்டுப் பேச்சுப் போட்டியன்று எமது வகுப்பு மாணவி ஒருவர் மேடையின் பின்னால் நின்று நடுங்கினார். பேச்சு முழுவதும் அவருக்கு மனப்பாடம். "சேர், மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு, நெஞ்சு இடிக்குது" என்றார். "உதெல்லாம் வெறும் கூச்சம் பிள்ளை, போய்ப் பேசும்" என்று சற்றுக் கடுமையாகவே கூறினோம். அவர் மேடையேறவில்லை, அழுதபடி தாயாருடன் வீடு சென்றார். அவரும் பெற்றோரும் இசைந்தமையாலேயே இதனை இங்கு எழுதுகின்றோம். அன்று தவறியவர் அம்மாணவி அல்லர், நாமே. அந்த நெஞ்சிடி எத்தகையது என்பதை நாம் அறிந்திருந்தோம்.

வன்னியில் கணித ஆசிரியராக இருந்த நாம், 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, மெனிக்பாம் முகாமில் அடைபட்டு, ஈற்றில் அகதியாக இங்கு வந்து லாசாலில் குடியேறினோம். உயிர் தப்பியாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று, இனி என்ன என்றிருந்தோம். மொன்றியலில் பனி அகற்றத் தொடங்குமுன், தெருவில் நிற்கும் கார்களை எடுக்குமாறு இழுவை வண்டிகள் சங்கூதி எச்சரிப்பதை நீவிர் அறிவீர். எமது முதற் பனிக்காலத்தில், ஓர் இரவு அவ்வொலி கேட்டு எழுந்தோடி, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தோம். "இஞ்சாருங்கோ, உது சினோ அள்ளுற வண்டியப்பா" என்று மனைவி விளக்கைப் போட்ட பின்னரும் கை நடுக்கம் ஓயவில்லை. பின்னர் ஒலியேதும் இல்லாத நாள்களிலும் அந்நடுக்கம் வந்தது. மெற்றோவில் பயணஞ் செய்கையில் மூச்சு முட்டி, இருமுறை இடையிலேயே இறங்கினோம். இருதய நோய் என்றஞ்சி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றோம். இருதயத்தில் குறையேதும் இல்லை என்றனர்.

எம்மவரிடையே இது புதிதன்று. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் அவர்களும் மருத்துவர் சிவயோகன் அவர்களும் போர்க்காலத்தில் நடத்திய ஆய்வொன்று, 1994 இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆராயப்பட்டோருள் நூற்றுக்கு 26 பேரிடம் பதகளிப்பு நோய் காணப்பட்டது. மனத்தின் வருத்தம் உடலின் வருத்தமாக வெளிப்பட்டோர் நூற்றுக்கு 41 பேர். தலையிடி, நெஞ்சுநோ, உடல் உளைவு என்று வைத்தியரிடம் போனவர்களை எம்மூரில் நிறையக் கண்டிருக்கின்றோம். மனம் பதறுகிறது என்று போனவரை நாம் கண்டதேயில்லை.

ஆபத்து என்று மூளை கருதியதும் உடலில் அதிரீனலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடுவதற்கான ஆயத்தம் அது. பதுங்குகுழிக்கு ஓடியபோது எம்மைக் காத்ததும் அதுவே. ஆபத்தில்லாத இடத்திலும் அது ஓயாது எழுந்து அன்றாட வாழ்வைத் தடுக்கும்போதே நோயாகிறது. போரைக் காணாது லாசாலில் பிறந்த பிள்ளைக்கும் அது வரலாம். தேர்வோ மேடையோ காரணமாகலாம். உடல் செய்யும் வேலை ஒன்றே.

உளவளத்துணையாளரைக் காணுமாறு குடும்ப வைத்தியர் கூறியும் ஓராண்டு காலம் போகாதிருந்தோம். விசர் என்று சொல்லிவிடுவார்களே! ஒருநாள் சி.எல்.எஸ்.சி. வாசல் வரை சென்று, அங்கே ஊரவர் ஒருவரைக் கண்டதும், தடுப்பூசிக்கு வந்ததாகப் பொய்யுரைத்துத் திரும்பினோம். அவரும் ஏதோ ஊசிக்கு வந்ததாகவே சொன்னார்.

ஈற்றில் உள்ளே சென்றபோது துணையாளர் முதலிற் கேட்டது போரைப் பற்றியல்ல. எத்தனை மணி நேரம் உறக்கம், எத்தனை கோப்பை கோப்பி என்றே கேட்டார். நாம் அஞ்சி விலகும் இடங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தச் சொன்னார். கணித ஆசிரியருக்கு இது கடினமா? மெற்றோவில் முதலில் ஒரு தரிப்பு, அடுத்த வாரம் இரண்டு. படபடப்பு வந்தாலும் இறங்காது, மூச்சை மெல்ல வெளிவிட்டபடி இருத்தல் வேண்டும். அது உச்சத்துக்கு ஏறித் தானாகவே தணியும் என்பதை உடல் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்கிறது. அங்கிறினியோன் வரை இறங்காது வர எமக்கு மூன்று மாதம் பிடித்தது. சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கும், எமக்கும் வேண்டியிருந்தது.

பெற்றோர் கவனத்திற்குச் சில செய்திகள். 811 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் இரவு பகல் எந்நேரமும் சமூக சேவையாளர் ஒருவருடன் இலவசமாகப் பேசலாம். ஆங்கிலமோ பிரெஞ்சோ போதாதவர்கள் சி.எல்.எஸ்.சி.யில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். போர் வன்முறைக்கு உள்ளானோருக்கென ரிவோ என்னும் அமைப்பும் மொன்றியலில் உண்டு. மாணவர்களே, கியூபெக் சட்டப்படி 14 வயது நிரம்பியவர் தமது சிகிச்சைக்குத் தாமே சம்மதம் அளிக்கலாம். பெற்றோர் இதற்குச் சினங்கொள்ள வேண்டா. பிள்ளை முதலில் வாய்திறப்பது வீட்டில்தான். அங்கே "கூச்சம்" என்று எவரும் எம்மைப்போல் வாயடைக்காதிருந்தாற் சரி.

அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டோம். தாம் இப்போது ஒரு துணையாளரிடம் போய்வருவதாகச் சொன்னார். இவ்வாண்டு வரவேற்புப் பாடலிற் பின்வரிசையில் நிற்கின்றார். பேச்சுப் போட்டிக்குப் பெயர் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

சென்ற மாசியில் ஓர் இரவு மீண்டும் அச்சங்கொலி கேட்டது. நெஞ்சு இடிக்கத்தான் செய்தது. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டிருந்தோம். நெஞ்சு அடங்கிய பின்னரே எமது காரும் தெருவில் நிற்பது நினைவுக்கு வந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவதற்குள் அதனை அடுத்த தெருவுக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள்.