பாதை கேட்கும் வண்டி

வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம். செய்தி எப்படித்தான் பரவிற்றோ, அன்று மாலைக்குள் ஊரிலுள்ளோர் அனைவரும் நமக்கு ஆசிரியராகிவிட்டனர்! "வாங்கினால் புல்லட் வாங்க வேண்டும்; நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும்" என்றார் தேநீர்க் கடையிலே ஒருவர். "வாத்தியாருக்கு எதற்கு முரட்டு வண்டி? ஸ்கூட்டர்தான் மரியாதை" என்றார் அஞ்சலகத்திலே மற்றொருவர். மூன்றாமவர் வண்டியைப் பற்றிப் பேசவேயில்லை. நமது நட்சத்திரம் என்னவென்று கேட்டார்! இத்தனை பேரில் ஒருவரேனும், "எந்தப் பாதையிலே ஓட்டப் போகிறாய்?" என்று கேட்டாரில்லை.

ஆகவே பாதையைப் பற்றி முதலிலே கூறிவிடுகிறோம்.

கலைக் கல்லூரியிலே பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, பணியாணையைக் கையிலே வாங்கியபோது அதில் கண்டிருந்த ஊர், கீழ் கோத்தகிரிக்கு அப்பால் ஒரு சிற்றூர். தங்குவதற்குக் கோத்தகிரியிலே ஓர் அறை கிடைத்தது. நாள்தோறும் அங்கிருந்து பள்ளிக்கு. சனிக்கிழமை வந்தால் பெற்றோரைக் காண மேட்டுப்பாளையம் பக்கம் இறக்கம். ஞாயிறு மாலை மீண்டும் ஏற்றம். இதுதான் நமது வாரம்.

கோத்தகிரியிலிருந்து கீழ் கோத்தகிரி செல்லும் வழி, படம் பிடிப்போருக்கு இன்பம். பயணம் செய்வோருக்குச் சோதனை. இருபுறமும் தேயிலை. தார் இருக்கும், திடீரென இராது. அப்பாலே சோலூர்மட்டம், பழங்கால மக்கள் பாறையிலே தீட்டிய ஓவியங்களால் பெயர்பெற்ற கரிக்கையூர் என்று வழி நீளும். அவ்வழியிலிருந்து பிரிந்து, படுகர் வாழும் ஹட்டிகளுக்கும் இருளர், குறும்பர் குடியிருப்புகளுக்கும் செல்லும் கிளைப் பாதைகளிலோ, கல்லும் சேறும் தவிரக் கால் வைக்க வேறொன்றும் இல்லாத இடங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை, நீலகிரியின் இந்தக் கிழக்குச் சரிவைத்தான் குறிவைத்துத் தாக்கும். 2009 நவம்பரிலே இம்மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளிலே நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழை விட்டால் பனிமூட்டம்; பனிமூட்டத்துக்குள்ளே காட்டெருமை. அது ஒலிப்பானுக்கு அஞ்சுவதில்லை. பரம்பரை மிராசுதார் போல நடுவழியிலே நின்று, நம்மைத்தான் ஏற இறங்கப் பார்க்கும்!

பேருந்து இல்லையா என்பீர்கள். இருக்கிறது, அதன் அருமையையும் நாம் அறிவோம். இம்மலைக்கு ஏறும் வழியின் கதையைப் படித்தவர் எவரும் பேருந்தை ஏளனம் செய்யார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு வெள்ளையர் ஆட்சியின் முதற்பாதை 1823-லேதான் முடிந்தது. 1834-லே மெக்காலே சென்னையிலிருந்து உதகைக்கு வந்தார். ஏறத்தாழ 400 மைல். எதிலே வந்தார்? மனிதர் தோள்களிலே! பல்லக்குத் தூக்கிய அந்தத் தோள்களின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. மோட்டார் வந்தது, மனிதனை மனிதன் சுமக்கும் கொடுமை ஒழிந்தது. ஆனால் அந்த மோட்டாரிலும் சாதி ஏறி உட்கார்ந்து கொண்டது. ஆதித்திராவிடர்க்குப் பேருந்திலே இடமில்லை என்ற நிலை தமிழகத்திலே இருந்ததும், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், எவரையும் ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டு அதை உடைத்ததும், இளைஞர் மறக்கத்தகாத வரலாறு. 1972-லே அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-லே தொடங்கி, 2024-லே நீலகிரிக்கும் வந்தது. நம் பள்ளியிலே பணிபுரியும் அம்மையார் ஒருவர், அதன் பின்னர் மிச்சமான பணத்திலே மாதந்தோறும் மகளுக்கு ஒரு நூல் வாங்குகிறார்.

ஆயினும் பேருந்தின் நேரம் பேருந்தின் நேரமே. பள்ளியின் நேரம் பள்ளியின் நேரமே. இரண்டும் நமது ஊரிலே சந்திப்பதில்லை. மாலை வகுப்பு நடத்தினால் கடைசி வண்டி போய்விடும். நான்கு நாள் வராத மாணவனைத் தேடிக் குடியிருப்புக்குச் செல்வதென்றால், இறங்குமிடத்திலிருந்து நெடுந்தொலைவு நடை. மாலை வகுப்பா, வண்டியா என்ற நிலை வந்தபோதுதான், சொந்த வண்டி வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

இந்தச் சமயத்திலேதான் காரமடையிலிருந்து மாமா வந்தார்.

"மாப்பிள்ளை, அவசரப்படாதே. கைப்பணத்தை ஏன் கரைக்கிறாய்? தையிலே காரியம் முடிந்தால் கார் வாசலுக்கு வந்து நிற்கும்" என்றார்.

"எந்தக் காரியம், மாமா?"

"சிறுமுகைப் பக்கம் ஒரு நல்ல இடம். பெண் படித்தவள். நாம் கேட்கவே இல்லை. அவர்களாகவே கார் தருகிறேன் என்கிறார்கள்."

பெண்ணின் தந்தை என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டோம். கைத்தறி என்றார். நெசவாளி வீட்டிலே கார் வாங்கப் பணம் ஏது என்று கேட்டோம். வீட்டின்மீது கடன் வாங்குவார்களாம். இளைய பெண்ணின் கல்லூரியை ஓராண்டு தள்ளிப் போடுவார்களாம்! மாமா இதைச் சிரித்துக்கொண்டே கூறினார். கெட்டவரல்லர் அவர், நமக்கு நடை பழக்கியவர். வழக்கம் என்ற ஒன்று, நல்ல மனிதரையும் எவ்வளவு எளிதாக இப்படிப் பேச வைத்துவிடுகிறது! சந்தையிலே மாட்டை நிறுத்தி விலை கூறுவர். அங்கே மாடு வாய் திறவாது. இங்கே விலை கூறப்படுபவன் பட்டதாரி. பிள்ளைகளுக்குச் சமத்துவம் கற்பிப்பவன். அவனும் வாய் திறவாமல் நின்றால், மாட்டுக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடுதான் என்ன? வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு அஞ்சி அதன் பெயரை 'அன்பளிப்பு' என்று மாற்றினார்களேயன்றி, பண்டத்தை மாற்றினார்களில்லை.

"தரை தட்டும் அந்தக் கார் எங்கள் பாதையிலே பாதி வழிகூடப் போகாது, மாமா" என்று தொடங்கி, மற்றதையும் கூறினோம். அவர் முகம் சுருங்கிற்று. அன்றிரவே பெண்ணின் தந்தைக்குக் கடிதம் எழுதினோம்: கார் வேண்டாம்; கடனும் வேண்டாம்; இளைய மகளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள்; தங்கள் மகளுக்கு நம்மைப் பிடித்திருந்தால் பதிவுத் திருமணம் போதும். பத்து நாள் கழித்து மாமா தொலைபேசியிலே பேசினார். அந்த வீட்டிலே இப்பொழுது பேச்சு என்ன தெரியுமா? "வேண்டாம் என்கிறானே, பையனுக்கு ஏதேனும் குறை இருக்குமோ?" என்பதுதானாம்! விலை கேட்காத மணமகனைச் சமுதாயம் ஐயத்தோடு பார்க்கிறது. பேச்சு அத்தோடு நின்றிருக்கிறது.

வண்டிக்கு வருவோம்.

நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்; அந்தத் தொலைவுக்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் இறங்குகிறோம். நாமும் வண்டியும் பையும் சேர்ந்து 200 கிலோ என்று கொள்வோம். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு எடை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், குளிர்ந்த நீர் எட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமாம்! காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதையெல்லாம் பிரேக் ஒன்றே தாங்க வேண்டுமென்றால் அது காய்ந்து, தீய்ந்து, பிடிப்பை இழக்கும். சமவெளியிலிருந்து வருவோர் வண்டிகள் இம்மலைச் சாலைகளிலே கட்டுமீறி ஓடிக் கவிழ்வதற்கு இது ஒரு பெருங்காரணம். இரண்டாவது கியரிலே இறங்குங்கள் என்று காவல்துறை வழியெல்லாம் பலகை வைத்துக் கெஞ்சுகிறது. கியரைக் குறைத்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

இந்தக் கணக்கு மனதில் ஏறியபின், கடைவீதியிலே வண்டிகள் வேறு விதமாய்த் தெரிந்தன. கியரில்லா ஸ்கூட்டர் ஏற்றத்துக்குச் சளைக்காது; இறக்கத்திலோ, வேகம் குறைந்ததும் கிளட்ச் தானே விலகிக்கொள்ள, இஞ்சினின் பிடி அறுந்துபோகும். அதன் சிறு சக்கரத்துக்கு நம் கிளைப் பாதையின் ஒவ்வொரு குழியும் ஒரு கிணறு. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை நாம் மதிக்கிறோம். மூட்டை சுமக்கும் உழைப்பாளியின் தோழன் அது. ஆனால் அதற்கு ஒரே கியர். புல்லட், ஊராரின் கண்ணுக்குத் திருவிழா; 190 கிலோவுக்கு மேற்பட்ட எடை. சேற்றிலே சாய்ந்தால் தூக்கி நிறுத்த நம் போன்ற மெலிந்தோர் இருவர் வேண்டும். மின்சார வண்டி இறங்கும்போதே ஓரளவு மின்னைச் சேமித்துக்கொள்ளும் என்பது கேட்க இனிமையாயிருந்தது. ஆனால் நாம் இருப்பது வாடகை மாடியறை. வண்டி நிற்பது தெருவிலே. இடையிலே கம்பி இழுக்க வீட்டுக்காரர் இசையவில்லை. ஜீப்பு இம்மலையின் மைந்தன். அதற்கு எண்ணெய் வார்க்க நம் ஊதியம் தாளாது.

இன்னொன்றும் கற்றோம். கோத்தகிரியின் உயரத்திலே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மனிதனுக்கு மூச்சிரைப்பதுபோல் இஞ்சினுக்கும் வலிமை குறையும். ஆகவே சமவெளியிலே நூறு சி.சி. செய்யும் வேலைக்கு இங்கே சற்றுக் கூடுதலாய் வேண்டும். 2020-லே வந்த புகை விதிகளுக்குப் பின் புது வண்டிகளிலே கார்புரேட்டர் போய், எரிபொருளை அளந்து செலுத்தும் கருவி வந்துவிட்டதால், உயரத்துக்கேற்ப அது தானே அளவைத் திருத்திக்கொள்கிறது. 125 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு முன் பின் பிரேக்குகள் இணைந்து இயங்கும் அமைப்பு 2019 முதல் கட்டாயம். வழுக்கும் சாலையிலே அது சிறு உதவி. முழுக் காப்பு அன்று.

இவற்றைக் கூறிப் பழைய மெக்கானிக் ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். "சார், வண்டியைப் பார்த்து வாங்காதீங்க. கோத்தகிரியிலே சாமான் கிடைக்குமா, கரிக்கையூர்ப் பாதையிலே நின்றுபோனால் நீங்களே செயினை மாட்டுவீங்களா, அதைப் பார்த்து வாங்குங்க" என்றார். ஓட்டலிலே வேலை பார்த்துச் சேர்த்த காசிலே மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே பொறியியல் கற்று, 1920-லே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டிய ஜி. டி. நாயுடுவின் மண்ணையடுத்து வாழ்கிறோம். செயின் மாட்டக் கற்பதா கடினம்? இரண்டு ஞாயிறுகள் அவரது பட்டறையிலே கழிந்தன. கையெல்லாம் கிரீஸ், மனமெல்லாம் மகிழ்ச்சி.

முடிவிலே, 125 சி.சி., கியர் உள்ள, பெரிய சக்கரமுள்ள, எளிய வண்டி ஒன்றைத் தேர்ந்தோம். பெயர் கூறோம், விளம்பரமாகிவிடும். ஒரு செவ்வாய் மாலை மூன்றரை மணிக்கு அதை எடுத்தோம். அரைநாள் விடுப்பு அன்றுதான் கிடைத்தது. "சார், இராகு காலம்!" என்று பதறினார் விற்பனை இளைஞர்; கையிலே எலுமிச்சம்பழம் வேறு. சக்கரத்தின் கீழே அதை நசுக்குவதற்குப் பதில், டயரிலே காற்று சரியாயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். பார்த்தார், குறைவாயிருந்தது! காற்றைப் பிடித்துவிட்டு, பழத்தைப் பக்கத்துக் கடையிலே பிழிந்து ஆளுக்கொரு குவளை குடித்தோம்.

ஏழு தவணை கட்டியாயிற்று. மாலை வகுப்பு ஆறு மணிவரை நடக்கிறது. பள்ளிக்கு வராதிருந்த மாணவர் இருவரை அவர்கள் குடியிருப்புக்கே சென்று பார்த்துப் பேசினோம். ஒருவன் வருகிறான், மற்றவன் தோட்ட வேலைக்கே போகிறான். அவனைத் தேடி மீண்டும் போக வேண்டும்.

சென்ற மாதம் மாமா வந்திருந்தார். திரும்பும்போது பின்னிருக்கையிலே ஏற்றிக்கொண்டு இறங்கினோம். "ஏன் இப்படி உறுமுகிறது?" என்று காதருகே கேட்டார். "இரண்டாவது கியர், மாமா" என்றோம். குஞ்சப்பனைக்கு முன் ஒரு வளைவிலே, வெளியூர்க் கார் ஒன்று ஓரமாய் நின்றிருந்தது, முன்சக்கரத்திலிருந்து புகை. குழந்தைகள் இருவர் அழுதுகொண்டு நின்றனர். அவர்கள் தந்தை தண்ணீர்ப் புட்டியைத் திறந்து சக்கரத்தின்மேல் ஊற்றப் போனார். வண்டியை நிறுத்துமுன்பே மாமா குதித்திறங்கி, "ஊற்றாதீர்கள், விரிசல் விடும்! அரை மணி நேரம் ஆறட்டும்" என்று தடுத்தார். பின்னர் மடியிலிருந்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, இஞ்சினாலே வண்டியைப் பிடித்து இறங்குவது எப்படி என்று அந்தத் தந்தைக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார்.