உங்கள் நாயகி எந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள்?

காதல் கதை எழுதும் தம்பி தங்கைகளிடம் 'இது யாருக்கான படம்?' என்று கேட்டால், 'இளைஞர்களுக்கு' என்றோ 'எல்லாருக்கும்' என்றோதான் பதில் வருகிறது. எனக்கு இரண்டுமே போதவில்லை.

2018-ல் வந்த '96' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் பிரேம்குமார் அதில் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். கைப்பேசி எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் படித்தவர்கள் அவர்கள். அப்போது ஒரு பையன் குடும்பத்தோடு ஊர் மாறிப் போனால், அத்தோடு தொலைந்தே போவான். நாயகன் ராம், நாயகி ஜானு பிரிவை நாம் நம்புவதற்குத் தலைப்பில் இருக்கும் அந்த வருடம்தான் காரணம். ஜானு பாடிக் கேட்க வேண்டுமென்று ராம் ஏங்கும் பாட்டு 1991-ல் வந்த 'தளபதி'யில் இருப்பது. அந்தப் படத்தோடு வளர்ந்தவர்களுக்கு, அவள் கடைசியில் அதைப் பாடும்போது எந்த விளக்கமும் வேண்டியதில்லை. கண் கலங்கிவிடும். எனக்குக் கலங்கியது.

வில்லன் இல்லை, சண்டை இல்லை. விடிய விடியப் பேச்சுதான். ஆனாலும் அந்த வயதை எட்டாத கல்லூரிப் பெண்கள்கூட ஜானுவின் மஞ்சள் குர்தாவைக் கடை கடையாகத் தேடினார்கள். ஒரு தலைமுறைக்கு உண்மையாக இருந்ததால்தான் அடுத்த தலைமுறையும் வந்து உட்கார்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். படம் 2019-ல் கன்னடத்துக்குப் போனபோது தலைப்பே '99' ஆனது. அங்கும் வருடத்தை யோசித்துத்தான் தொட்டிருக்கிறார்கள்.

'18 முதல் 35 வரை' என்று தயாரிப்பாளருக்குக் காட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கதைக்குள் உங்கள் நாயகி எந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், அப்போது அவள் வீட்டில் என்ன பாட்டு ஓடியது? கீழே எழுதுங்கள், பேசலாம்.